பாப்பா பெட்டியில் எழுதியிருந்த பேர்

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, பதினொரு மணி மினிபஸ்ஸில், ஆவாரங்குளம் விலக்கில் ஒரு பெண் இறங்கினாள். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை, காலில் புதுச் செருப்பு, ரவிக்கையின் இரண்டு பக்கமும் பால் கசிந்து நனைந்திருந்தது. அவள் யாரிடமும் வழி கேட்கவில்லை. டீக்கடையைத் தாண்டி, ரேஷன் கடையைத் தாண்டி, வெயிலில் காயப்போட்டிருந்த மிளகாய்வற்றலை மிதிக்காமல் சுற்றிப் போய், லைன்மேன் சுடலைமுத்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி, குழாயடியில் கால் கழுவி, உள்ளே நுழைந்து, தொட்டிலில் வீறிட்டுக்கொண்டிருந்த பத்து மாதப் பெண்பிள்ளையைத் தூக்கி, சுவரோரமாக உட்கார்ந்து பால் கொடுக்க ஆரம்பித்தாள். பிள்ளை வாயை மூடியது. அதைப் பெற்றவளான உலகம்மாள், ஆற்றிக்கொண்டிருந்த புட்டிப்பாலோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு?" என்றாள்.

"செல்வநாயகி, எக்கா," என்றாள் வந்தவள், தலையை நிமிர்த்தாமல். "இடப்பக்கம் குடுத்தாத்தான் தூங்குவா. வலப்பக்கம்னா வெளாண்டுக்கிட்டே கெடப்பா. மறந்துட்டியளா?"

உலகம்மாள் மறந்துதான் போயிருந்தாள்.

அந்தப் பேரை வைத்ததே அவள்தான். தென்காசியில் உரக்கடை மாடியில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அவளுக்கு வேலை. பிள்ளை வயிற்றிலிருந்த ஏழாம் மாதத்திலிருந்து வீட்டிலேயே லேப்டாப்பை வைத்துக்கொண்டு பார்த்தாள். அந்த வேலையில் 'கிட்' என்று ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடும் வக்கீல் குமாஸ்தாவும் சேர்ந்து ஓர் ஆளாகப் பிறந்தால் எப்படியோ அப்படி: நாம் எழுதிக் கொடுத்ததை வாங்கி வைக்கும், இன்ன தேதி இன்ன மணிக்கு இன்னார் இதை மாற்றினார் என்று பேரோடு பதியும், போன மாதம் எப்படி இருந்தது என்று கேட்டால் அப்படியே எடுத்து நீட்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி. பெட்டிக்கென்று தனிப்பேர் எழுதி வைக்கலாம். எழுதாவிட்டால் மிஷின் முழுவதற்கும் என்று வைத்திருக்கிற பொதுப்பேரை எடுத்துப் பதிந்துகொள்ளும்.

கம்பெனிக்காரர்களுக்கு வெளிவேலை பார்த்தால் பிடிக்காது. ஆனால் பிள்ளைக்கு ஒன்றரை மாதம் ஆனபோது, கோயம்புத்தூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு டோக்கன் போடுகிற மென்பொருள் எழுதித் தரச் சொல்லி ஒரு வேலை வந்தது. வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. சொந்தப்பேர் போட முடியாது. என்ன பேர் வைக்கலாம் என்று லேப்டாப் முன்னால் உட்கார்ந்து யோசித்தவள் கண்ணில் மூலையில் சாய்த்து வைத்திருந்த அரிசி மூட்டை பட்டது. 'செல்வநாயகி பொன்னி' என்று பச்சை எழுத்தில் அச்சடித்திருந்தது. பொன்னியை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டாள்.

முதலில் ஆஸ்பத்திரி வேலைக்கு உட்காரும்போது ஒரு தடவை பேரை மாற்றுவாள், எழுந்திருக்கும்போது ஒரு தடவை மாற்றுவாள். மடியில் பிள்ளை, ஒரு கையால் தட்டச்சு, அடுப்பில் உலை. எத்தனை நாளைக்கு ஓடும்? ஒருநாள் ஆஸ்பத்திரி வேலை உலகம்மாள் என்ற பேரிலேயே போகப் பார்த்தது. பதறிப்போய்ப் பிடித்து நிறுத்தினாள். இனிமேல் இந்த வம்பே வேண்டாம் என்று செல்வநாயகியை மிஷின் முழுவதற்கும் பொதுப்பேராக வைத்துவிட்டு, உலையில் அரிசியைப் போடப் போனாள். கம்பெனிப் பெட்டிக்குக் கம்பெனிக்காரர்களே தனிப்பேர் எழுதி வைத்திருந்ததால் அது தப்பித்தது. மூன்றாவதாக ஒரு பெட்டி இருந்ததை அவள் நினைக்கவில்லை.

அது பாப்பா பெட்டி. எதையும் கிட்டில் போட்டு வைத்தே பழகிய கை. பிள்ளை பிறந்த அன்றைக்கே அதற்கும் ஒரு பெட்டி திறந்திருந்தாள். இன்றைக்கு எத்தனை தடவை பால், எத்தனை தடவை வயிறு போனது, எந்த ஊசி, எந்தப் பக்கம் புரண்டாள், எதைப் பார்த்துச் சிரித்தாள், எல்லாம் தினம் சாயங்காலம் விளக்கேற்றுவதற்கு முன்னால் எழுதிப் பதிந்துவிடுவாள். அதற்குத் தனிப்பேர் எழுதவில்லை. வீட்டுப் பெட்டிக்கு யார் பேர் எழுதுவார்கள்?

அப்படியாக ஆனி மாதத்திலிருந்து, பகலெல்லாம் உலகம்மாள் பிள்ளையைக் குளிப்பாட்டுவாள், பால் கொடுப்பாள், தோளில் போட்டுத் தட்டுவாள், சாயங்காலம் எழுதிப் பதிவாள், காலையில் எழுந்தால் அதெல்லாம் அவளிடம் இருக்காது. நேற்று பிள்ளை எதைப் பார்த்துச் சிரித்தது என்று தெரியாது. பெட்டியைத் திறந்து படித்துத் தெரிந்துகொள்வாள், நல்ல வேளை எழுதி வைத்தோம் என்று தன்னையே மெச்சிக்கொள்வாள். தெருவில் சொன்னபோது, "பிள்ள பெத்தா மறதி வராம என்ன செய்யும், எனக்கெல்லாம் சொந்த வீட்டு வாசலே மறந்துச்சி," என்றார்கள். மாசி பிறந்ததும் பால் வற்றியது. பிள்ளை அவள் தூக்கினால் அழுதது, கீழே விட்டாலும் அழுதது, யாரையோ எதிர்பார்த்து வாசலைப் பார்த்தது. அதற்கு அடுத்த வாரம்தான் செல்வநாயகி பஸ்ஸிலிருந்து இறங்கியது.

ஆவாரங்குளம் அவளை இரண்டே நாளில் வாங்கி வைத்துக்கொண்டது. முதல் நாள் தெருப் பெண்கள் வந்து பார்த்தார்கள். முறுக்குச் சுற்றி விற்கிற பேராச்சி அக்கா, மகளிர் குழுத் தலைவியும் அவள்தான், பேர் எங்கிருந்து வந்தது என்று உலகம்மாளிடம் கேட்டுவிட்டு, செல்வநாயகியை மேலும் கீழும் பார்த்து, "நீ என்ன, அரிசி மூட்டையில இருந்து வந்தவளாமே? புழுங்கலா, பச்சையா?" என்று கேட்டாள். செல்வநாயகி சிரித்து, "வேகவச்சிப் பாத்தாத்தானே தெரியும், பேராச்சிக்கா," என்றாள். பதில் பிடித்துப்போயிற்று. மறுநாளே அவளைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். ஆதார் அட்டை இல்லையே என்று ஒருத்தி இழுத்ததற்கு, "வரும், போகும். பால் இருக்குல்லா?" என்றாள் பேராச்சி அக்கா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சுடலைமுத்து விஷயத்தில் ஊருக்குக் கொஞ்சம் குறுகுறுப்பு இருந்தது. ஆனால் அதற்கும் இடமில்லாமல் போயிற்று. கல்யாணம் நடந்தது லேப்டாப் வாங்குவதற்கு முன்னால். அது எந்தப் பெட்டியிலும் ஏறவில்லை. ஆகவே புருஷன் முழுசாக உலகம்மாளுக்கே மிஞ்சினான். அவன் கட்டிலைத் தூக்கி வாசலில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள் இரண்டு பேரும் தூங்குகிற வரைக்கும் ஆகாயத்தைப் பார்த்துப் படுத்திருந்தான். "கம்பத்துல ஏறுனா எந்தக் கம்பில கரண்டு இருக்குன்னு தெரியும்," என்று டீக்கடையில் சொன்னானாம். "வீட்டுல தெரியமாட்டேங்கு."

ஊர் தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. பெற்றது உலகம்மாள், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. வளர்த்தது செல்வநாயகி, அதிலும் சந்தேகமில்லை. ஏனென்றால் யாரைக் கேட்டாலும் ஆனி மாதத்திலிருந்து இடுப்பில் பிள்ளையோடு குழாயடியில் நின்றது செல்வநாயகி என்றே ஞாபகம் இருந்தது. அவள் வந்து இறங்கியது மாசியில்தான் என்பதும் அவர்களுக்கு ஞாபகம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர்கள் சௌகரியமாக இருந்தார்கள். அங்கன்வாடி டீச்சர் தங்கபுஷ்பம் எடை போடுகிற நாளில், "ரெண்டாவது ஊசி என்னைக்குப் போட்டது?" என்று கேட்க, உலகம்மாள் செல்போனைத் தடவ, செல்வநாயகி, "ஆடி பதினெட்டுக்கு மறுநாள் டீச்சர், தொடையில கட்டி விழுந்து மூணு நாள் மல்லாக்கப் படுக்கல," என்றாள். டீச்சர் பதிவேட்டில் தாயார் என்ற இடத்தில் உலகம்மாள் என்பதை விட்டுவைத்து, பக்கத்தில் செல்வநாயகி என்று எழுதினார். "ரெண்டும் இருக்கட்டும். எது நெலைக்கோ அது நெலைக்கட்டும்."

பிள்ளைக்கு முதல் சொல் வந்தது. செல்வநாயகியைப் பார்த்து, "ம்மா," என்றது. உலகம்மாளைப் பார்த்தால் ஒன்றும் சொல்லாமல், வந்துபோகிற விருந்தாளியைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்தது.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் பிள்ளைக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். சுடலைமுத்து குடும்பத்தில் ஒரு வழக்கம்: காது குத்துவது தாய்மாமன் மடியில்தான், ஆனால் குத்தி முடித்து அழுகிற பிள்ளையை முதலில் வாங்குகிற கை, பால் கொடுத்த கையாக இருக்கவேண்டும். அந்தக் கைக்குப் பூசாரி மஞ்சள் கயிறு கட்டுவார். கட்டியபிறகு அந்தக் குடும்பத்தில் அந்தப் பிள்ளைக்கு அம்மா அவள்தான். அதன்பிறகு வேறு பேச்சு கிடையாது. உத்திரத்துக்குப் பதினைந்து நாள் இருந்தது. யார் கை என்று யாரும் உலகம்மாளிடம் கேட்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம், பிள்ளை செல்வநாயகி தோளில் தூங்கிக்கொண்டிருந்தபோது, உலகம்மாள் பாப்பா பெட்டியைத் திறந்து, தேதி தேதியாக முதலிலிருந்து பார்த்தாள். எழுதியிருப்பதை மட்டுமே படித்துப் பழகியவள் முதல் தடவையாக ஓரத்தில் பதிந்திருந்த பேரைப் பார்த்தாள். சித்திரை, வைகாசி: உலகம்மாள், உலகம்மாள். ஆனி நான்கிலிருந்து: செல்வநாயகி. செல்வநாயகி. செல்வநாயகி. திரையை உருட்ட உருட்ட அரிசி மூட்டைப் பேர் மழைபோல் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது.

கம்பெனியில் கூட வேலை பார்க்கிற ஜெபக்கனிக்குப் போன் போட்டாள். வெளிவேலை விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அட லூசு," என்றாள் ஜெபக்கனி. "நானே மூணு பேர்ல பாக்கேன். ஆனா பெட்டிக்குப் பெட்டி தனித்தனியா எழுதி வச்சிருப்பேன். பொதுப்பேரு மட்டும் எப்பவும் சொந்தப்பேரு. நீ போயி மொத்த வீட்டையும் அவ பேர்ல எழுதி வச்சிருக்க."

"உங்க வீட்டுக்கு யாரும் வரலியா?"

"ஒருத்தி வந்தா, கிறிஸ்மசுக்கு. அதிரசம் சுட்டுக் குடுத்துட்டுப் போயிட்டா. அவ பேர்ல ஒண்ணுமில்ல, ஒரு மளிகைக்கட வேலதான். ஒன் கத வேற."

"பழசுல பேர மாத்த முடியுமா?"

"முடியும். ஆனா ஒவ்வொரு பதிவும் முந்தின பதிவோட தோளப் புடிச்சிட்டு நிக்கும், சின்னப்புள்ளய ரயிலு வெளாடும்லா, அந்த மாதிரி. ஒண்ணத் தொட்டா அதுக்குப் பொறவு உள்ளது எல்லாம் புதுசா நிக்கணும். அது கூட பரவாயில்ல. இதோட காப்பி யார் யார்கிட்ட இருக்கோ, அவ்வளவு பேரும் பழச விட்டுட்டுப் புதுச வாங்கிக்கிடணும். ஒருத்தர் பழச வச்சிருந்தாலும் மறுபடியும் கொண்டாந்து சேத்துருவாவ. காப்பி யார்கிட்டல்லாம் இருக்கு?"

உலகம்மாள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். "ஊரு பூராவும்," என்றாள்.

வேறு ஒரு வழியும் இருந்தது. ஒரு பதிவின் அடியில், இதை இன்னாரும் சேர்ந்து செய்தார் என்று இன்னொரு பேரையும் எழுதலாம். செல்வநாயகியைப் பக்கத்தில் உட்காரவைத்து, மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லி, ஒரே ஒரு நாளில், புரட்டாசியில் பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்த நாளில், அப்படி எழுதிப் பார்த்தாள். எழுதி முடித்ததும் உலகம்மாளுக்குப் பிள்ளையின் நெற்றிச் சூடு உள்ளங்கையில் வந்து ஒட்டியது. ஆனால் எதற்காகக் கை வைத்தோம் என்பது வரவில்லை. செல்வநாயகிக்குக் காய்ச்சல் என்பது ஞாபகம் இருந்தது. மருந்து எத்தனை மில்லி கொடுத்தாள் என்பது போய்விட்டது. அன்றைக்குச் சாயங்காலமே பிள்ளைக்கு மூக்கொழுகி உடம்பு சுட, இரண்டு பேரும் மருந்துப் பாட்டிலை வைத்துக்கொண்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் தங்கபுஷ்பம் டீச்சர் ஓடிவந்து ஊற்றிவிட்டார்.

டீச்சர் போனபிறகு செல்வநாயகி ரொம்ப நேரம் துணி மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"எக்கா. பாதி தெரிஞ்சி புள்ளயத் தூக்கிட்டு நிக்கப் பயமாருக்கு."

"எனக்கும்தான்."

"நீங்க அதுல எழுதாதது எவ்வளவோ எங்கிட்ட இருக்கு. நீங்க எழுதுனது கால்வாசி கூட இல்ல." அவள் குரல் சண்டைக்கு வருவது போலிருந்தது, பிறகு இறங்கிவிட்டது. "பேர முழுசா மாத்துனா அதெல்லாமும் ஒங்ககிட்ட வருமா?"

"வரும்னுதான் நெனைக்கேன்."

"அப்ப எனக்கு என்ன மிஞ்சும்?"

"ஆஸ்பத்திரி வேல."

செல்வநாயகி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க உலகம்மாளுக்குச் சகிக்கவில்லை. "டோக்கன் நம்பர் அறுபத்தி நாலு, அறை எண் மூணுக்கு வாருங்க," என்று செல்வநாயகி மிஷின் குரலில் சொன்னாள். பிறகு, "ஒங்க கைக்குத்தான் கயிறு கட்டணும்க்கா. பெத்த வயிறு. நான் கேட்டு வாங்கி வந்தது இல்ல இது. எடுத்துக்கோங்க," என்றாள். பிள்ளையின் சட்டையை மூன்றாவது தடவையாக மடித்தாள்.

மறுநாளிலிருந்து உலகம்மாள் வீடு வீடாகப் போனாள், கல்யாணத்துக்கு வெற்றிலைபாக்கு வைக்கிற மாதிரி, ஒரு வீட்டையும் விடாமல், சண்டைக்காரி வீடு, பேச்சுவார்த்தை இல்லாத வீடு எல்லா வீட்டுக்கும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பேரை மாற்றப்போகிறேன், அந்நேரம் பிள்ளையைப் பற்றி ஞாபகம் இருக்கிற பழசை விட்டுவிடுங்கள், புதுசு தானாக வரும், பிடித்து வைத்துக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான் என்று கேட்டாள். ஊர் இதையும் வாங்கி வைத்துக்கொண்டது. ஆனால் சும்மா வாங்கவில்லை.

"அப்ப பழச மாத்தலாம்னு சொல்லுத," என்றாள் பேராச்சி அக்கா, முறுக்குக் கட்டையைக் கீழே வைத்துவிட்டு. "எங்க மாமியா செத்த அன்னைக்கு நான் தென்காசியில சினிமா பாத்துட்டு இருந்தேன்னு ஊருக்கே தெரியும். அதுல எம் பேர எடுத்துட்டு எங்க நாத்தனா பேரப் போட்டுரு."

"அக்கா, பாப்பா பெட்டிதான் எங்கிட்ட இருக்கு. ஒங்க மாமியா அதுல இல்ல."

"சேக்க முடியாதா?"

செய்தி பரவி, இரண்டு நாளைக்கு அவள் வீட்டு வாசலில் கூட்டம். சின்ன வயசில் குளத்து மடையை உடைத்தது தான் இல்லை என்று ஆக்கவேண்டும் என்றார் ஒருவர். ஓடிப்போய்க் கல்யாணம் செய்தவள், தான் ஓடவில்லை, அவர்தான் வந்து கூட்டிப்போனார் என்று வைக்கச் சொன்னாள். அவள் புருஷன் பின்னாலேயே வந்து அதை மாற்றக்கூடாது என்றான். உலகம்மாள் எல்லோருக்கும் மோர் கொடுத்து அனுப்பினாள். தங்கபுஷ்பம் டீச்சர் மட்டும் கண்டிப்பாக இருந்தார்: சர்க்கார் பதிவேட்டில் அடித்து எழுதக்கூடாது, அடித்தால் மேலிருந்து கேள்வி வரும். ஒருநாள் யோசித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பதிவேட்டின் மேல் ஒரு கரண்டி சாம்பாரைக் கைதவறி ஊற்றிவிட்டு, புதுப் பதிவேடு கேட்டு மனு எழுதினார்.

சுடலைமுத்துதான் கடைசி. வேலையிலிருந்து வந்து, கம்பம் ஏறுகிற கயிற்றைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"ஒலகு, புரட்டாசியில காச்சக் கண்டப்ப, மழையில பைக்குல கூட்டிட்டுப் போனேம்லா. பின்னால அவ புள்ளய மாராப்புல பொதிஞ்சி வச்சிட்டு உக்காந்திருந்தா. 'வேகமாப் போங்க, வேகமாப் போங்க'ன்னு எம் முதுகுல குத்திட்டே வந்தா. இதப் போயி எப்படி விடச் சொல்லுத?"

"அது நான்தாங்க."

"தெரியும். ஆனா எனக்கு ஞாபகம் அவதான்."

"விட்டா, நான் வந்து ஒக்காந்துக்கிடுவேன்."

அவன் யோசித்தான். "அன்னைக்கு நான் பயந்தேன். அதுவும் போயிருமா?"

"பயம் அப்படியே இருக்கும். பின்னால உக்காந்த ஆளு மட்டும் மாறும்."

"முதுகுல குத்துனது?"

"நானே குத்திக்கிடுதேன்," என்று அவள் சொல்லி, அங்கேயே ஒரு குத்து விட்டாள். அவன் சிரிக்கப் போய், சிரிக்காமல் தலையை ஆட்டினான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆவாரங்குளத்தில் மிக்சி ஓடவில்லை, ரேடியோ பாடவில்லை. அவரவர் வாசலில் அவரவர் நின்றார்கள். உலகம்மாள் குளித்து, தலையைத் துவட்டி, முதலில் பொதுப்பேரை மாற்றினாள், பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் தனிப்பேர் எழுதினாள். கம்பெனிப் பெட்டியில் உலகம்மாள், ஆஸ்பத்திரிப் பெட்டியில் செல்வநாயகி, பாப்பா பெட்டியில் உலகம்மாள். அதன்பிறகு ஆனி நான்கிலிருந்து இன்றைக்கு வரைக்கும் பேரை மாற்றச் சொல்லிக் கட்டளை எழுதிவிட்டு, திரும்பிப் பார்த்தாள். செல்வநாயகி சுவரோரமாக உட்கார்ந்து பிள்ளைக்கு ஒரு தடவை கடைசியாகப் பால் கொடுத்து முடித்து, தோளில் போட்டு, ஏப்பம் வரும்வரைக்கும் தட்டி, கீழே பாயில் விட்டாள். "ம்," என்றாள்.

உலகம்மாள் அழுத்தினாள்.

ஒன்பது மாதம் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தது. வந்த வேகத்தில் அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை முதலில் புரண்டது காய்ந்த துணிக் குவியலின் மேல். முதலில் சிரித்தது மின்விசிறியைப் பார்த்து, அடுத்துச் சிரித்தது ஆட்டைப் பார்த்து. ஆடி மழையில் ஜன்னலில் சாரல் அடிக்க அதைப் பிடிக்கக் கை நீட்டியது, மாலையில் அரைமணி நேரம் காரணமில்லாமல் அழும், அப்போது சுளகில் அரிசி புடைக்கிற சத்தம் கேட்டால் நிறுத்தும், இடப்பக்கம் கொடுத்தால்தான் தூங்கும். எழுதியதும் எழுதாததும் எல்லாம் வந்தது. மார் கனத்துக் கசிந்தது. பைக்கில் புருஷன் முதுகில் குத்திய முஷ்டி வலித்தது. தெருவில் பேராச்சி அக்கா சத்தம் போட்டாள்: "அடியே, ஆமா, ஒலகம்மாதான்! குழாயடியில நின்னது இவதான், நானே பாத்தேன்!" வாசல் வாசலாக ஆமா, ஆமா என்று சத்தம் கேட்டு, மிக்சிகள் ஓடத் தொடங்கின.

செல்வநாயகி எழுந்து நின்று, சேலை மடிப்பைச் சரிசெய்து, ஜவுளிக்கடைப் பையைத் தேடி எடுத்தாள். சுற்றிப் பார்த்தாள், யாரோ வழியில் இறக்கிவிட்ட வீட்டைப் பார்ப்பது போல.

"எக்கா, இங்கன நாலு நாள் இருக்க எடம் குடுத்ததுக்கு ரொம்ப நன்றி. அங்க ஆஸ்பத்திரியில டோக்கன் மிஷின் மாட்டுதாவளாம், நேர்ல போனாத்தான் சரிப்படும். பதினோரு மணி பஸ்ஸுக்குப் போயிருதேன்." பாயில் கிடந்த பிள்ளையைக் கவனித்து, பக்கத்துவீட்டுப் பிள்ளையைப் பார்க்கிற சிரிப்பு ஒன்று சிரித்தாள். "ஒங்க பாப்பாவா? நல்லாருக்கா."

உலகம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவளோடு விலக்கு வரைக்கும் நடந்தாள். வழியெல்லாம் பெண்கள் உலகம்மாளைப் பார்த்துத் தலையசைத்தார்கள், செல்வநாயகியைப் பார்த்து, "யாரு, ஒன்கூட வேல பாக்கிற பிள்ளையா?" என்று விசாரித்தார்கள். உத்திரத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும், கயிறு கட்டுகிற கைக்குப் புது வளையல் வாங்கியாச்சா என்று கேட்டார்கள். எல்லாம் அவள் கேட்ட மாதிரியே நடந்திருந்தது. இடுப்பில் இருந்த பிள்ளை மட்டும் உடம்பை விறைத்துக்கொண்டு இருந்தது.

பஸ் வந்தது. செல்வநாயகி படியில் கால் வைத்தாள். அந்தக் கணம் பிள்ளை உலகம்மாள் இடுப்பிலிருந்து முழு உடம்பையும் முன்னால் எறிந்து, இரண்டு கையையும் நீட்டி, "ம்மா!" என்றது. மறுபடி, "ம்மா! ம்மா!" செல்வநாயகி பின்னால் திரும்பி, பிள்ளை யாரைக் கூப்பிடுகிறது என்று தனக்குப் பின்னாலும் ஒரு தடவை பார்த்தாள்.

உலகம்மாள் அணைத்தாள். பிள்ளை முகத்தைத் திருப்பியது. அரிசி புடைக்கிற சத்தத்தை நாக்கால் போட்டுக் காட்டினாள், ஒன்பது மாத வித்தை எல்லாவற்றையும் காட்டினாள். பிள்ளை அவள் தோளைக் கையால் உந்தித் தள்ளியது, கழுத்து நரம்பு புடைக்க, நீலம் பாரித்து அழுதது. எல்லா வீட்டுக்கும் போனோமே, சண்டைக்காரி வீட்டுக்குக் கூடப் போய்க் கேட்டோமே, இந்தப் பிள்ளையிடம் கேட்கவில்லையே என்று உலகம்மாளுக்கு அப்போதுதான் தோன்றியது. கேட்டிருந்தாலும் என்னவென்று கேட்பது, அது எந்த வார்த்தையில் விடுவேன் என்று சொல்லும்?

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். செல்வநாயகி படியிலிருந்து இறங்கி, சங்கடமாக நின்றாள். "எக்கா, நான் போனா அடங்கிருவால்லா?"

"அடங்கமாட்டா," என்றாள் உலகம்மாள். அவளுக்குத் தெரியும். இந்த அழுகையின் அடி எது, இது எவ்வளவு நேரம் போகும், மூச்சு எந்த இடத்தில் கட்டும் என்பதெல்லாம் இப்போது அவளுக்குத் தெரியும். "செத்த நேரம் வாங்கிக்கோ."

"எனக்குப் புள்ள தூக்கிப் பழக்கமே இல்லக்கா. கீழ போட்டுருவேன்."

"போடமாட்ட. பைய வை. கைய இப்படிக் குடு. இல்ல, இந்தக் கை அடியில. முதுகுக்கு இது. அழுத்திப் புடிக்காத, அவளுக்குப் புடிக்காது. தோள்ல தல வரட்டும். இடத்தோள்." அவள் செல்வநாயகியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பிள்ளையின் முதுகில் வைக்கவேண்டிய இடத்தில் வைத்தாள். "தட்டு. இவ்வளவு வேகம் வேண்டாம். ரெண்டு தட்டு, ஒரு நிறுத்து. ஆங்."

செல்வநாயகி தோளைத் தூக்கி, மூச்சைப் பிடித்து, அடுத்த வீட்டுக் குத்துவிளக்கை வாங்கிப் பிடித்திருப்பவள் போல அசையாமல் நின்று தட்டினாள். பிள்ளை இரண்டு தடவை விசும்பி, அவள் கழுத்தில் மூக்கைத் தேய்த்து, கட்டைவிரலைத் தேடி வாயில் வைத்து, கண்ணை மூடியது.

"ஏறுதியளா, இல்லியா?" என்று கண்டக்டர் கத்தினான்.

இரண்டு பேரும் அவனை முறைத்தார்கள். இப்போதுதான் தூங்கியிருக்கிறது, சத்தம் கேட்டால் முழித்துக்கொள்ளும்.